பனிக்காலத்துல நம்ம பக்கம் வந்த ஒறம்பரைங்க: நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

சூலூர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. மார்கழி பொறந்தாச்சு. சூலூர்க் குளத்துல தட்டைவாயன், ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எல்லாம் எறங்கிருச்சு, ஆனா அதெல்லாம் வருசா வருசம் வர்ற ஒறம்பரை, அதைப் பத்திக் கேக்கல. இந்தப் பக்கம் தலையே காட்டாத பறவை, வந்தாலும் ஒரு பொழுது நின்னுட்டுப் போயிர்ற பறவை ஏதாச்சும் கண்ணுல பட்டிருந்தா எழுதுங்க. ஒரே ஒரு கண்டிஷன். பார்த்தேன்னு மட்டும் எழுதாதீங்க, அதேதான்னு எப்படி உறுதி பண்ணுனீங்கன்னும் எழுதுங்க, அப்பத்தான் படிக்கறவங்களுக்கு ஏதாச்சும் மிச்சமாகும்.

என்னோடதைச் சொல்லிர்றேன். புரட்டாசி கடைசில கலங்கல் ரோட்டுல வண்டில வந்துட்டிருந்தேன், ஈபி கம்பில ஒரு பனங்காடை. பனங்காடைக்கெல்லாம் யாரு வண்டிய நிறுத்தறது, நம்மூர்ல கம்பிக்கு ஒண்ணு உக்காந்திருக்குமே. ஆனா இதுக்கு நெஞ்சுல அந்த ஊதாக் கலந்த பழுப்புக் கோடே இல்லீங்க, தலையிலிருந்து வயிறு வரைக்கும் ஒரே வெளிர் நீலம், முதுகு மட்டும் நல்ல செங்கல் நெறம். அங்கயே சந்தேகம் வந்துருச்சு, இருந்தாலும் உக்காந்திருக்கறப்ப எதுவும் சொல்லக்கூடாது, பறக்கட்டும்னு வண்டிய ஓரங்கட்டி நின்னுட்டேன். ஒரு வெட்டுக்கிளியப் புடிக்க எறங்குச்சு பாருங்க, றெக்கையோட பின்பாதி முழுக்கக் கறுப்பு. நம்ம பனங்காடைக்கு றெக்கை விரிச்சா கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையா மின்னும், இதுக்கு அந்தப் பட்டை கெடையாது. ஐரோப்பியப் பனங்காடைதான். மத்திய ஆசியாவுல குஞ்சு பொரிச்சுட்டு ராஜஸ்தான், குஜராத் வழியா ஆப்பிரிக்காவுக்குப் போற பறவை, சூலூர்ல இதுக்கு என்ன சோலின்னு தெரியல. ஈபேர்ட்ல (பார்த்த பறவையெல்லாம் பதிவு பண்ற வெப்சைட்) ஏத்துன ஒடனே ரிவியூ பண்றவரு வெவரம் கேட்டாரு, றெக்கை விரிச்ச போட்டோ ஒண்ணு போதுமா இருந்துச்சு. அடுத்த நாள் போனேன், காணோம்.

காங்கயம் பண்ணயம்:

அண்ணா, கண்டிஷன் போட்டது நல்லதாப் போச்சுங்க, இல்லீன்னா வாட்ஸ்அப்ல வர்றாப்ல எல்லாரும் "நானும் பார்த்தேன்"னு போட்டுட்டுப் போயிருவாங்க.

எங்களுக்குக் காங்கயத்துக்குத் தெக்க கொஞ்சம் கொறங்காடு இருக்குதுங்க. வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன், கொறங்காடுன்னா மானாவாரி மேய்ச்சல் நெலம், சுத்தியும் கிளுவை வேலி, நடுவுல அங்கங்க வெள்வேல மரம், கீழ பூராக் கொழுக்கட்டைப் புல்லு. காங்கயம் மாடு இந்தப் புல்லுலதான் வளர்ந்துச்சு. கார்த்திகை மழை நல்லாப் பேஞ்சா புல்லு மொழங்காலுக்கு வந்துரும், அப்பறம் வெட்டுக்கிளி, எலி, காடை, கவுதாரின்னு அது ஒரு தனி ஊரு.

எங்க காட்டுல ஆடு மேய்க்கற பெரியவரு ஒரு நாள் பொழுதோட கடவுகிட்ட நின்னு கூப்புட்டாருங்க. "ஏனுங் தம்பி, அஞ்சாறு நாளா ஒரு கோட்டான் புல்லுக்குள்ளயே படுத்திருக்குதுங், ஆடு கிட்டப் போனா எந்திரிச்சு நாலு மொளம் தள்ளிப்போய் மறுக்காவும் புல்லுலயே உக்காருது, மரத்துல ஏறவே மாட்டேங்குது, சீக்குப் புடிச்ச பறவையாட்ட இருக்குதுங்"னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. நம்ம காட்டுல கூகை உண்டு, அது ஓட்டை ஒடசல்ல இருக்கும். புள்ளி ஆந்தை பனைமரப் பொந்துல இருக்கும். கொம்பன் ஆந்தை கல்லுக்குழிப் பக்கம். புல்லுத்தரைல பகல் பூராப் படுத்துக் கெடக்கற ஆந்தைன்னா குட்டைக்காது ஆந்தையா இருக்கலாம், அதுவும் வடக்கே எங்கயோ குளிர் நாட்டிலிருந்து வரணும்.

வெடியால இட்டேரி வழியாப் போய், வேலிக்கு வெளிய குத்தவெச்சு உக்காந்துட்டோம், பெரியவரும் கூட வந்தாரு. பொழுது கெளம்பறதுக்கு முன்னாலயே எந்திரிச்சு வேட்டைக்கு வந்துருச்சுங்க. நீளமான றெக்கை, புல்லுக்கு ஒரு ஆள் ஒசரத்துல பூனைப்பருந்து மாதிரியே தாழப் பறக்குது, ஆனா றெக்கையடி வேற, மெதுவா ஆழமா அடிச்சு அடிச்சுப் போவுது. றெக்கைக்கு அடில மணிக்கட்டுல ஒரு கறுப்புப் பொட்டு பளிச்சுன்னு தெரிஞ்சுது. அப்பறம் ஒரு கல்லுமேல வந்து உக்காந்து எங்களையே பார்த்துச்சு. மஞ்சக் கண்ணு, அதைச் சுத்திக் கறுப்பா மை தீட்டிவுட்டாப்ல. காதுன்னு பேருதான், வெளியவே தெரியல. கொம்பனா இருந்தா கண்ணு ஆரஞ்சா இருக்கும், கொம்பும் நட்டுக்கிட்டு நிக்கும், அதனால கொழப்பமே இல்ல.

அது அக்கட்டப் பறந்துபோனதுக்கு அப்பறம் பெரியவரு படுத்திருந்த எடத்தக் காட்டுனாரு. புல்லு அமுங்கி ஒரு குழியா இருந்துச்சு, பக்கத்துல சாம்பக் கலர்ல கட்டை வெரல் நீளத்துக்கு உருண்டை நாலஞ்சு. தின்னதுல செரிக்காததையெல்லாம் ஆந்தை வாய் வழியாவே உருட்டித் துப்பிரும் இல்லீங்களா, அது. ஒண்ண எடுத்துக் குச்சில பிரிச்சுப் பார்த்தா உள்ள எலி முடி, துண்டு துண்டா எலும்பு, ஒரு சின்னத் தாடை எலும்பு முழுசா இருந்துச்சு, அதுல அந்த மஞ்ச ஆரஞ்சுப் பல்லு அப்படியே ஒட்டிட்டு இருந்துச்சுங்க. பெரியவரு அதைக் கைல வாங்கிப் பார்த்துட்டு, "கோட்டான் மொகத்துல முழிச்சா வெளங்காதுன்னு ஊட்டுல திட்டுவாங்க, இது நம்ம எலியத்தானுங் தின்னுட்டிருக்குது"ன்னாரு. எலி மருந்து விக்கறவங்களுக்குத்தான் ஆகாத பறவைன்னு சொன்னேன்.

சுத்துவட்டாரத்துல இப்படி எத்தனை கொறங்காடு சைட்டாவும் சோலாராவும் போயிருச்சுன்னு உங்களுக்கே தெரியும். காலி நெலம்னு சொல்லித்தான் விக்கறாங்க. காலியாவா இருக்குது?

புதுக்கேமரா:

அண்ணா செம்ம!! லொகேஷன் பின் அனுப்புங்க ப்ளீஸ், ஞாயித்துக்கெழமை நானும் ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரும் கார்ல வர்றோம். 600 எம்எம் லென்ஸ் வாடகைக்கு எடுத்தாச்சு.

காங்கயம் பண்ணயம்:

தம்பி கோவிச்சுக்காதீங்க, பின் போட மாட்டேன். முன்ன ஒருக்கா வேற ஒருத்தர் காட்டுல இதே மாதிரி ஒண்ணு வந்து, யாரோ குரூப்ல லொகேஷன் போட்டு, யாருன்னு சொல்ல வேண்டாம், மறுநாள் காருங்க புல்லுக்குள்ளயே வந்துருச்சு. பறக்கற படம் வேணும்னு நடந்து நடந்து எழுப்பிவுட்டுட்டே இருந்தாங்க. பகல்ல ஆந்தை மேல எந்திரிச்சா காக்காயும் பருந்தும் சும்மா வுடுமா, தொரத்தித் தொரத்திக் கொத்துச்சுங்க. அந்த ஆந்தை அப்பறம் அங்க இல்ல. நீங்க அப்படிப் பண்ணுவீங்கன்னு சொல்லல. கார் மெயின் ரோட்டோட நிக்கட்டும், நீங்களும் இன்னொருத்தரும் மட்டும் வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன், வேலிக்கு வெளிய உக்காந்துதான் பார்க்கணும். படம் கெடைச்சா கெடைக்கட்டும்.

புதுக்கேமரா:

சரிங்கண்ணா. நான் மட்டுமே வர்றேன்.

நிட்டிங் மாஸ்டர், திருப்பூர்:

எனக்குப் பறவை பார்க்கப் போக நேரமெல்லாம் இல்லீங்க, அதுவா கம்பெனிக்கு வந்துச்சு. ஐப்பசில நைட் ஷிஃப்ட், ரவைக்கு ரெண்டு மணி இருக்கும், ஷெட் கதவு தொறந்து கெடந்துச்சு, என்னமோ உள்ள பூந்து டியூப்லைட்ல முட்டி மிஷினுக்கு அடில வுழுந்துருச்சு. குனிஞ்சு பார்த்தா நம்ம ஆறுமணிக்குருவி! வாலே இல்லாத மாதிரி குண்டா, முதுகு பச்சை, தோள்ல நீலம், கண்ணுல கறுப்புப் பட்டை, வாலுக்கு அடில செக்கச்செவேல்னு. கொழப்பிக்கறதுக்கு வேற பறவையே கெடையாது. வடக்க இருந்து ராத்திரி ராத்திரியாப் பறந்து வர்ற பறவை, வழில வெளிச்சத்தப் பார்த்தா தடுமாறி எறங்கிருது, ஐப்பசில இந்த மாதிரி ஊட்டுக்குள்ள பூந்த கதை நெறையக் கேள்விப்பட்டிருக்கேன்.

பசங்க தண்ணி ஊத்தறேன், சோறு ஊட்டறேன்னு ஒரே ரகளை. ஒண்ணும் வேண்டாம்டா கம்முனு இருங்கன்னு சொல்லிட்டு, கோன் நூல் வர்ற அட்டைப்பெட்டில ஓட்டை போட்டு, கீழ வேஸ்ட் துணி விரிச்சு, உள்ள வெச்சு மூடி, சத்தம் இல்லாத ஸ்டோர் ரூம்ல வெச்சுட்டேன். இருட்டும் அமைதியும்தான் மருந்து, வாயப் பொளந்து தண்ணி ஊத்துனா நுரையீரலுக்குப் போயிச் செத்துரும். வெடிஞ்சதும் கம்பெனிக்குப் பொறத்தால இருக்கற பொதர்கிட்டப் பெட்டிய சாய்ச்சு வெச்சேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு, அப்பறம் ரெண்டு தத்து தத்திப் பொதருக்குள்ள பூந்துருச்சு. மொதலாளிக்கு மிஷின் அரை மணி நேரம் நின்ன வருத்தம்.

டீச்சரம்மா:

நஞ்சராயன் குளத்துக்குப் பசங்களைக் கூட்டிட்டுப் போயிருந்தோம், போன பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு. ஒரு எடத்துல கொறைஞ்சது 15 நிமிஷம் நின்னு பார்த்ததையெல்லாம் எண்ணி ஈபேர்ட்ல ஏத்தணும், அவ்வளவுதான் வேலை, 2015ல இருந்து நடக்குது, பசங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. கொக்கு, நாரை, தாழைக்கோழின்னு எண்ணிட்டு இருந்தோம், எட்டாவது படிக்கற ஒரு அம்மிணி "டீச்சர், அந்த வாத்து தலையில ரெண்டு கோடு போட்டிருக்கு"ன்னா. ஸ்கோப்பத் திருப்பிப் பார்த்தா வரித்தலை வாத்து! வெள்ளைத் தலைல பின்பக்கமா ரெண்டு கறுப்புப் பட்டை, ஆரஞ்சு அலகு, கழுத்துல வெள்ளைக் கோடு மேலருந்து கீழ வரைக்கும். நாங்க பார்த்தப்ப எல்லாம் தூக்கம், ராத்திரி வயக்காட்டுல மேஞ்சுட்டுப் பகல்ல தண்ணியோரம் ஓய்வெடுக்கற சாதி அது.

இமயமலையத் தாண்டி வர்ற வாத்து, மேல 7000 மீட்டருக்கு அக்கட்டயும் பறந்தது பதிவாகியிருக்குன்னு சொன்னேன். "அங்க மூச்சு முட்டாதா டீச்சர்"னு கேட்டா. அதோட ரத்தம் கொஞ்சூண்டு ஆக்சிஜனையும் இழுத்துப் புடிச்சுக்கும்னு சொல்லிட்டு வந்தேன், அடுத்த நாள் கிளாஸ்ல அரை நாள் அதுலயே போச்சு. சாயத்தண்ணி ஊருன்னுதானே எல்லாரும் திருப்பூரைச் சொல்லுவாங்க, அந்தக் குளம் 2024ல உலக அளவுல முக்கியமான நீர்நிலைங்களோட ராம்சார் பட்டியல்ல சேர்ந்திருக்குன்னு பசங்களுக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

ஆனைகட்டிப் பக்கம்:

நம்மளோடது சின்னது. நவம்பர் கடைசில மழை வுட்டு வெயில் அடிச்சுது, ஈசல் கெளம்பிருச்சு. காக்கா, கரிச்சான், பஞ்சுருட்டான் எல்லாம் விருந்துல. அதுக்கு மேல சின்னதா வல்லூறு கூட்டம், ஈசலைக் கால்லயே புடிச்சுப் பறந்துட்டே தின்னுது. ஆண் ஒண்ணு தலைக்கு நேரா வந்துச்சு, ஒடம்பு கருஞ்சாம்பல், றெக்கைக்கு உள்பக்கம் வெள்ளை, கால் செவப்பு. அமூர் வல்லூறு. சைபீரியா, சீனா பக்கத்துல இருந்து நாகாலாந்து வழியா வந்து, அரபிக்கடல தாண்டி தெக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போற பயணம். நாகாலாந்துல 2012 வரைக்கும் வலை போட்டு ஆயிரக்கணக்குல புடிச்சுட்டு இருந்தாங்க, அப்பறம் அந்த ஊர்க்காரங்களே நிறுத்திட்டாங்க. அப்படித் தப்பிச்சு வந்ததுல நாலு நம்மூரு ஈசல் தின்னுட்டுப் போயிருக்குது.

புதுக்கேமரா:

அண்ணா நேத்து காங்கயம் போயிட்டு வந்தேன், ஆந்தையப் பார்த்தாச்சு, படம் சுமார்தான், பரவால்ல. வர்ற வழில ஒரு பூனைப்பருந்து பொட்டை கெடைச்சுது, பூனைப்பருந்துலயே பேலிட் வகையா மான்டேகு வகையான்னு தெரியல. முதுகு பழுப்பு, வாலுக்கு மேல வெள்ளை. எங்க பார்க்கறது?

சூலூர்க்காரன்:

வாலுக்கு மேல வெள்ளை ரெண்டுக்குமே இருக்கும், அதை வுடுங்க. மொகத்தப் பெருசு பண்ணிப் பாருங்க. கன்னத்துக் கறுப்புக்குப் பின்னால வெளுத்த வளையம் ஒண்ணு காலர் மாதிரித் தெளிவாச் சுத்தி, அதுக்குப் பின்னால கழுத்து கருத்திருந்தா பேலிட். காலர் இல்லாம, கண்ணைச் சுத்தி வெள்ளை அதிகமா இருந்தா மான்டேகு. றெக்கைக்கு அடிப் படம் இருந்தா அதையும் பாருங்க, பின்னோரத்து எறகுல பட்டை எடம்வுட்டுத் தெளிவா இருந்தா மான்டேகு, மங்கலா இருட்டிக் கெடந்தா பேலிட். ரெண்டும் தெரியலீன்னா "பூனைப்பருந்து"ன்னு மட்டும் ஏத்துங்க, அதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல.

பல்லடம் தோட்டம்:

எல்லாரும் வராத பறவைக்கு இந்தப் பாடு படறீங்க. எங்க சோளக்காட்டுக்கு சூறைக்குருவி கூட்டங்கூட்டமா வந்து எறங்கிருக்குதுங்க, ரோஸ் கலர் ஒடம்பு, கறுப்புத் தலை, உறுதி பண்றதுக்கு ஒரு கஷ்டமும் இல்ல, கத்தறதே ரோட்டுக்குக் கேக்குது. வெட்டுக்கிளி திங்கும் நல்ல பறவைதான்னு என்ற பையன் சொல்றான், கதிரையும் திங்குதேடான்னா சிரிக்கறான். தகர டப்பா தட்டித் தட்டி எனக்குக் கை வலிக்குது. லொகேஷன் பின் வேணும்னா நான் அனுப்பறேன், எத்தனை கார்ல வேணும்னாலும் வாங்க.