தாத்தா வீட்டு மரப்படி: சரி பண்ண முடியுமா, பிரிச்சே ஆகணுமா?

காரைக்குடி பேத்தி:
காரைக்குடி பக்கம் எங்க தாத்தா கட்டின வீட்ல மாடிக்குப் போற மரப்படி, மொத்தம் 14 படி, பர்மா தேக்குன்னு அப்பா சொல்வாரு. பொங்கலுக்கு பொங்கல் எனாமல் அடிச்சு அடிச்சு இப்ப மரமே தெரியல, மேல பிரவுன், உள்ள பச்சை, அதுக்கும் உள்ள ஏதோ கருப்பு. 3 படி மிதிச்சா கிரீச்சுனு கத்துது, அடிப்படி ஓரத்துல கரையான் அரிச்சிருக்கு. பாத்துட்டுப் போன கான்ட்ராக்டர் மொத்தமா பிரிச்சுட்டு இரும்புல பண்ணி கிரானைட் போட்டுடலாம்ங்கறாரு. எனக்கு மனசே வரல, அந்த மூணாவது படியில உக்காந்துதான் ஆத்தா எனக்கு தலை பின்னி விடுவாங்க. ஆனா மே மாசம் தங்கச்சி கைக்குழந்தையோட வர்றா, அதையும் பாக்கணும். என்ன பண்ணலாம்?

உளிச்சத்தம்:
பிரிக்காதீங்க அக்கா, அந்த மாதிரி மரம் இனி காசு குடுத்தாலும் கிடைக்காது. எங்க அப்பா மரவேலைதான், அவர் கூட நின்னு பாத்ததுல சொல்றேன். தேக்குல வைரம் பாஞ்ச பாகத்த கரையான் லேசுல தொடாது, வெளிறிப்போன ஓரத்தத்தான் அரிக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவர வச்சு குத்திப் பாருங்க, எங்க பொதபொதன்னு உள்ள போகுதோ அத மட்டும் வெட்டி எடுத்துட்டு பழைய தேக்குத் துண்டு வச்சு ஒட்டு போட்டுடலாம். ஆனா கரையான் மண்ணுலேர்ந்துதான் ஏறுது, அந்தச் சுவர்ல ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல பாருங்க, அத விட்டுட்டு மரத்த மட்டும் மாத்தினா மறுபடி வரும். கத்தற படிக்கு மேலேர்ந்து ஆணி அடிக்க விடாதீங்க, அது கொஞ்ச நாள்ல லூசாயிடும். அடிப்பக்கமா பசை தடவி ஆப்பு வச்சு ஸ்க்ரூ போட்டா நிக்கும். பெயிண்ட்டுக்கு சாண்டிங் மெஷின் போட்டா ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்.

சுதா மதுரை:
மெஷின் வேண்டவே வேண்டாம் தம்பி!! பழைய எனாமல்ல ஈயம் இருக்கும். நம்ம ஊர்ல பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) தாண்டக் கூடாதுன்னு சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான், அந்தப் பச்சையும் கருப்பும் அதுக்கு எவ்வளவோ முன்னாடி அடிச்சது. காய்ஞ்ச பெயிண்ட்ட தேய்ச்சா தூசி வீடு பூரா படியும், தவழற குழந்தை கைய வாயில வைக்கும், சின்னப் பிள்ளைங்க மூளை வளர்ச்சியையே பாதிக்கற விஷயம் இது. பெயிண்ட் ரிமூவர் ஜெல் தடவி ஊற விட்டு, ஈரமா இருக்கும்போதே தகடு வச்சு சுரண்டி எடுங்க, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கணும், கையுறை போட்டுக்கோங்க. உரிச்சதெல்லாம் கவர்ல கட்டுங்க, தரைய கூட்டாம ஈரத்துணியால துடைங்க. எல்லாம் முடிஞ்சு சுத்தம் பண்ண அப்புறம் தங்கச்சிய வரச் சொல்லுங்க.

உளிச்சத்தம்:
அக்கா சொல்றது சரி, எனக்கு அது தோணல. அப்போ பாலிஷ் பத்தியும் சொல்லிடறேன். ஸ்பிரிட்ல அரக்கு கரைச்சு போடற பிரெஞ்ச் பாலிஷ் பாக்க அவ்ளோ அழகா இருக்கும், ஆனா தண்ணி பட்டா வெள்ளைத் திட்டு விழும், கால் படற இடத்துக்கு தாங்காது. அத கைப்பிடிக்கு வச்சுக்கோங்க, படிக்கு மேட் பியூ, அதாவது பளபளப்பில்லாத பாலியூரித்தேன் பூச்சு அடிங்க, பளபளப்பு வேண்டாம், வழுக்கும். தேக்குல எண்ணெய்ப்பசை இருக்கும், அடிக்கறதுக்கு முன்னாடி தின்னர்ல துடைச்சா நல்லா பிடிக்கும்.

காரைக்குடி பேத்தி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். இன்னிக்கு மூணாவது படிக்கு அடியில உள்ளங்கை அளவு ஜெல் போட்டுப் பாத்தேன், மூணு கலரும் சுருண்டு வந்து உள்ள தேன் நிறத்துல ரேகை ரேகையா மரம், அப்பா பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. கான்ட்ராக்டர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். சுவர் ஈரம் பாத்ரூம் பைப்புலேர்ந்து வருதுன்னு நினைக்கறேன், நாளைக்கு பிளம்பர் வர்றாரு.