தேர்தல் நடந்தாலே ஜனநாயகமா?

முதலாண்டு மாணவி:
2002இல் ஈராக்கில் சதாம் உசேனுக்கு 100 சதவீத ஓட்டு என்று அறிவித்தார்கள். அங்கேயும் வாக்குச்சீட்டு இருந்தது. அப்புறம் சர்வாதிகாரத்துக்கும் நமக்கும் என்னதான் வித்தியாசம்? பாடப்புத்தகப் பதில் வேண்டாம்.

பழைய அச்சுக்காரன்:
1975இல் இந்திரா காந்தி கொண்டுவந்த நெருக்கடி நிலைக் காலத்தில் மதுரையில் ஒரு சின்ன அச்சகத்தில் ஈய எழுத்து கோத்துக்கொண்டிருந்தேன் அம்மா. 1976 ஜனவரி 31இல் திமுக ஆட்சியைக் கலைத்தார்கள். அதன்பிறகுதான் எங்களுக்குக் கெடுபிடி உறைத்தது. கோத்த பக்கத்தைத் தணிக்கைக்குக் கொண்டுபோனால் பாதி அடிபட்டு வரும். காலி இடமும் விடக்கூடாதாம்! வத்தக்குழம்புக் குறிப்பு போட்டு நிரப்பினோம். அந்த வாரம் மூன்று குழம்பு.

ஆனால் 1977 மார்ச்சில் ஓட்டு எண்ணியபோது ரேபரேலியில் இந்திரா காந்தியே தோற்றார். பதவியை விட்டு இறங்கினார். சதாம் விஷயத்தில் அது நடந்திருக்குமா?

வழக்கறிஞர்:
நீதிமன்றத்தையும் பாருங்கள். 1976இல், நெருக்கடி நிலையின்போது காவலில் இருப்பவர் ‘என்னைப் பிடித்து வைத்தது சட்டப்படி சரியா’ என்று கேட்கும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகளில் 4 பேர் சொன்னார்கள். மறுத்தவர் எச்.ஆர். கன்னா மட்டும். மறு ஆண்டே தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது.

முதலாண்டு மாணவி:
மறுபடி நெருக்கடி நிலையை அறிவிக்க முடியுமா?

வழக்கறிஞர்:
முடியும், ஆனால் கடினம். அரசியலமைப்பின் 44ஆவது திருத்தம் ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற காரணத்தை எடுத்துவிட்டு ‘ஆயுதமேந்திய கிளர்ச்சி’ என்று மாற்றியது.

பழைய அச்சுக்காரன்:
சரி, அந்தக் குறிப்பில் புளி அளவு தப்பு. அதைத் தணிக்கை அதிகாரி கண்டுகொள்ளவில்லை.