பட்டணம் முதல் அரிக்கமேடு வரை: யவன வணிகத் தடத்தில் ஒரு பயணம்

கேள்வி:
கேரளத்தின் பட்டணத்தில் தொடங்கி, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, யவன (கிரேக்க, ரோமானிய) வணிகத்தின் சுவடுகளைப் பார்த்தபடி புதுச்சேரி அருகிலுள்ள அரிக்கமேடு வரை குடும்பத்துடன் செல்ல விரும்புகிறேன். இடையில் எந்த ஊர்களைத் தவறவிடக் கூடாது?

மறுமொழி 1:
வணக்கம் ஐயா. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலுக்கு ஒரு நாளையே ஒதுக்குங்கள். அங்கே படிகம், சூதுபவளம், பெரில் ஆகிய கற்களை அறுத்து, துளையிட்டு, மெருகேற்றி மணிகளாக்கியதற்கான சான்றுகளும், தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் ஆட்பெயர்கள் கீறிய பானை ஓடுகளும் அகழாய்வில் கிடைத்துள்ளன. துளை முழுமையடையாத ஒரு மணியைக் கண்டால், அதைச் செய்தவரின் கையருகே நிற்பது போலவே இருக்கும். கரூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டார்மலையில் மூன்று தலைமுறைச் சேரரைக் குறிப்பிடும் கல்வெட்டையும் பாருங்கள்.

மறுமொழி 2:
பட்டணமே சங்ககாலச் சேரர் துறைமுகமான முசிறி என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஆயினும் தொடங்குவதற்கு ஏற்ற இடம் அதுவே. அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளும் இத்தாலியச் செந்நிற மட்கலங்களும் வெளிப்பட்டன. இன்று அங்கே தரைக்கு மேல் காண்பதற்கு மிகக் குறைவு என்பதால், முதலில் புதுச்சேரி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கொடுமணலுக்கு முழு நாளை ஒதுக்கிவிட்டேன்.