பச்சைக் குழாய் மட்டும் மங்கல்: கூலன்ட் மாற்றுவதா, குழாயையே மாற்றுவதா?

அரைஇருட்டு எழுதியது:

90களில் வந்த 7 அங்குல சிஆர்டி ப்ரொஜெக்டர், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று படக்குழாய் உள்ளது. மின்காந்த ஃபோகஸ், ஏர்-கப்பிள்டு லென்ஸ் (லென்ஸுக்கும் குழாயின் முன் கண்ணாடிக்கும் நடுவில் காற்று), மீட்டரில் 6,200 மணி நேரம். மூன்று கோளாறு இருக்கிறது.

கறுப்பில் வெள்ளை எழுத்து வந்தால் பச்சையில் மட்டும், பனிமூட்டத்தில் தெருவிளக்கு எரிகிறமாதிரி சுற்றிலும் ஒளிவட்டம். சிவப்பும் நீலமும் நறுக்கென்று இருக்கின்றன. பச்சையின் எலக்ட்ரானிக் ஃபோகஸ், லென்ஸ் ஃபோகஸ் இரண்டையும் திருகிப் பார்த்தாயிற்று, மாற்றமில்லை.

அடுத்தது, போட்ட முதல் அரை மணியில் கன்வர்ஜன்ஸ் (மூன்று நிறமும் திரையில் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவது) கலைகிறது. சிவப்பும் நீலமும் சேர்ந்தாற்போல இடப்பக்கம் நகர்கின்றன, திரையில் ஏறக்குறைய 1 செ.மீ. கடைசியாக, எப்போதாவது "டிக்" என்று ஒரு சத்தம், படம் ஒரு கணம் துள்ளும். மழை நாளில் கூடுதல்.

ப்ளூரேயிலிருந்து எச்டிஎம்ஐ-ஆர்ஜிபி மாற்றி வழியாக 1080பி 60 (1,080 கோடு, விநாடிக்கு 60 படம்) கொடுக்கிறேன். திரை 8 அடி அகலம். பழைய பச்சைக் குழாய் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கிப் போட்டுவிடலாமா?

குழாய்ப்பித்தன் எழுதியது:

இப்போதைக்குக் குழாய் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்வது கூலன்ட், அதாவது குழாய் முகப்பைக் குளிர்விக்கும் திரவம், கெட்டுப்போனதன் அடையாளம். தேய்ந்த குழாய் வெளிச்சம் குறையும், வெள்ளைத் திரையில் நடுப்பகுதி அழுக்காகத் தெரியும். எழுத்தைச் சுற்றிப் பனி போடுவது அதன் குணம் இல்லை.

உறுதி செய்ய ஒரு டார்ச் போதும். மின்சாரத்தை எடுத்துவிட்டு, இருட்டில் எல்இடி டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடியுங்கள். பாலில் தண்ணீர் கலந்தமாதிரி வெளுப்போ, பஞ்சுத் துணுக்கு மிதப்பதுபோல இழைகளோ தெரிந்தால் கூலன்ட்தான். பாஸ்பர்மேல் (குழாய் முகப்பின் உட்புறத்தில் ஒளிரும் பூச்சு) ஓரம் நறுக்கிய பழுப்புச் செவ்வகம் தெரிந்தால் அது தேய்மானம், அதற்கு வைத்தியம் இல்லை. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். பச்சையில் தேய்மானம் லேசாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

குழாய் முகப்புக்கும் அதன் முன்னால் உள்ள கண்ணாடிக்கும் நடுவில் ஓர் அலுமினிய அறை. அதற்குள் எத்திலீன் கிளைகாலும் கிளிசரினும் கலந்த திரவம். பாஸ்பரில் எலக்ட்ரான் மோதிக் கிளம்பும் சூட்டை அதுதான் வெளியே கொண்டுபோகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5 பக்கம், கிளைகால் 1.43, கிளிசரின் 1.47. இடையில் காற்று இருந்திருந்தால் ஒவ்வொரு பரப்பிலும் ஒளி தெறித்துத் திரும்பும், கான்ட்ராஸ்ட் போய்விடும். திரவம் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டிப் பார்க்காதீர்கள். சூடு வெளியேறாமல் முகப்புக் கண்ணாடி விரிசல் விட்டால் குழாய் குப்பைக்குத்தான்.

மாற்றும் முறை:

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு நன்றாக ஆற விடுங்கள். ஆனோடில் (குழாயின் உயர் மின்னழுத்த முனை) 30 கிலோவோல்ட்டுக்கு மேல் ஓடிய இயந்திரம். ஆனோட் வயரை உருவியதும் அதன் முனையைச் சேசிஸ் எர்த்தில் தொடுங்கள், சில விநாடி விட்டு மறுபடி தொடுங்கள். கண்ணாடி தானாகவே கொஞ்சம் சார்ஜைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். ஒரு கை எப்போதும் இயந்திரத்துக்கு வெளியே.

யோக் (எலக்ட்ரான் கற்றையைத் திருப்பும் காயில்), ஃபோகஸ் காயில், காந்த வளையங்கள் ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தைக் கழுத்தில் மார்க்கரால் கோடு போட்டு, போட்டோவும் எடுத்துவிட்டு உருவுங்கள். நெக் போர்டை (குழாயின் கழுத்து முனையில் செருகிய போர்டு) கழற்றும்போது நேராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஆட்டி ஆட்டி இழுத்தால் கழுத்துக் கண்ணாடி முறியும், குழாய்க்குள் காற்று புகும், அத்தோடு முடிந்தது.

குழாயை அறையோடு வெளியே எடுத்து, நிரப்பும் துளையின் திருகைத் திறந்து பழைய திரவத்தை ஓர் அளவுக் குவளையில் வடியுங்கள். எத்தனை மில்லி என்று குறித்துக்கொண்டு, அதைவிட 50 மில்லி கூடுதலாகப் புதியது கலக்கினால் போதும். கொள்ளளவு மாடலுக்கு மாடல் மாறும், வேறொருவர் சொன்ன கணக்கை நம்பிக் கலக்காதீர்கள்.

வெறுமனே வடித்து ஊற்றுவது அரைகுறை வேலை. படலம் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். முன் கண்ணாடியின் பிடிப்புத் திருகுகளைக் குறுக்குக்குறுக்காகத் தளர்த்திக் கழற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, டிஸ்டில்ட் வாட்டரில் இரண்டு முறை அலசி, ஒரு நாள் காய விடுங்கள். அலுமினியச் சுவரில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். விட்டால் புதுத் திரவத்தையும் அது கெடுக்கும். ரப்பர் கேஸ்கட் சப்பட்டையாகியிருந்தால் புதிது போடுங்கள். சிலர் சிலிக்கான் பசையைப் பிதுக்கி அடைப்பார்கள், அடுத்த முறை திறக்கும்போது அதன் பாவம் தெரியும்.

கலவை 80 பங்கு எத்திலீன் கிளைகால், 20 பங்கு கிளிசரின், கொள்ளளவுக் கணக்கில். இரண்டும் ஆய்வகத் தரம். கார் ரேடியேட்டர் கூலன்ட் வேண்டவே வேண்டாம். அதில் சாயமும் துருத்தடுப்பு ரசாயனமும் கலந்திருக்கும். கலக்கும்போது காற்று ஏறிவிடும், ஓர் இரவு மூடி வைத்துவிட்டு மறுநாள் ஊற்றுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சால் சுவரோடு வழியவிட்டு மெதுவாக நிரப்ப வேண்டும். அறையில் ஒரு ரப்பர் டயஃப்ரம் இருக்கும், சூட்டில் விரியும் திரவத்துக்கு அதுதான் இடம். நிரப்பும்போது அது வெளியே உப்பிக்கொண்டிருந்தால் சூடேறும்போது விரிய இடம் இருக்காது, கேஸ்கட் வழியாகக் கசிந்து கீழே உள்ள போர்டில் சொட்டும்.

நெக்போர்டு எழுதியது:

கூலன்ட் கதையை அண்ணன் சொல்லிவிட்டார். மற்ற இரண்டுக்கும் வருகிறேன்.

சிவப்பும் நீலமும் ஒரே பக்கம், ஒரே அளவு நகர்கின்றன என்றால் நகர்வது அவை இரண்டும் இல்லை. பச்சை வலப்பக்கம் போகிறது. கன்வர்ஜன்ஸில் பச்சையைத்தான் அசையாத புள்ளியாக வைத்துக்கொள்கிறோம், அதனால் கண் ஏமாறும். திரையில் பச்சையின் நடுக்கோட்டுக்கு நேராக ஒரு சின்ன டேப் ஒட்டிவிட்டு, குளிர்ந்த நிலையில் போட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். கோடு டேப்பைவிட்டு நகர்ந்தால் பச்சைச் சேனலின் கிடைமட்டக் கன்வர்ஜன்ஸ் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), அல்லது அந்த யோக்கின் கனெக்டர். மூன்று நிறமும் சேர்ந்து நகர்ந்தால் அது கன்வர்ஜன்ஸே இல்லை, பவர் சப்ளை அல்லது சிங்க் பக்கம் போங்கள்.

முதலில் சால்டர். ஹீட்சிங்க்கில் திருகிய ஐசிகளின் கால்கள், பெரிய ரெசிஸ்டர்கள், யோக் பிளக் ஊசிகள் மூன்றையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். காலைச் சுற்றி மோதிரம்போல மெல்லிய கறுப்பு வட்டம் தெரிந்தால் வெடித்த இணைப்பு. மேலேயே ஈயத்தைப் பூசாமல் பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பிறகு அந்த போர்டுக்கு வரும் ப்ளஸ், மைனஸ் சப்ளையைப் போட்டவுடனும் 40 நிமிடம் கழித்தும் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் நகர்ந்தால் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள்: ஈஎஸ்ஆர் (கெபாசிட்டரின் உள்தடை) மீட்டர் வைத்துப் பார்த்து, 105 பாகை, குறைந்த ஈஎஸ்ஆர் வகையாக மாற்றுங்கள். வோல்டேஜ் அளவு பழையதற்குச் சமமோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. இத்தனைக்குப் பிறகும் நகர்ந்தால், பாகத்தைச் சட்டென்று குளிரவைக்கும் ஃப்ரீசர் ஸ்ப்ரே. ஒரு பாகத்தில் அடிக்கும்போது கோடு துள்ளினால் அதுவே திருடன்.

நிறங்களுக்கான போர்டுகள் ஒரே எண்ணாக இருக்கும் மாடல் என்றால் இன்னும் சுலபம். பச்சையையும் சிவப்பையும் மாற்றிச் செருகுங்கள். கோளாறு கூடவே போனால் போர்டு, பச்சையிலேயே தங்கினால் யோக் அல்லது வயர்.

"டிக்" சத்தம் ஹைவோல்டேஜ் கசிவு. மழையில் கூடுவதே சாட்சி. அறையை முழு இருட்டாக்கி, மூடியைத் திறந்து, கையை உள்ளே விடாமல் தள்ளி நின்று பாருங்கள். ஆனோட் கப் (ஆனோட் வயரின் ரப்பர் மூடி) ஓரத்திலோ ஸ்ப்ளிட்டரிலோ (ஹைவோல்டேஜை மூன்று குழாய்க்கும் பிரிக்கும் பாகம்) ஊதா மினுக்கம் தெரியும், ஓசோன் வாசனையும் வரும். தூசுதான் காரணமென்றால் டிஸ்சார்ஜ் செய்த பிறகு கப்பின் உட்புறமும் குழாயின் கண்ணாடியும் ஆல்கஹாலில் துடைத்து, முழுக்க உலர்ந்தபின் டைஎலக்ட்ரிக் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகப் பூசி மாட்டுங்கள். ஸ்ப்ளிட்டரின் உடம்பிலேயே மயிரிழை விரிசல் என்றால் மாற்றுவதுதான் வழி, எபாக்ஸி பூசி ஏமாற்ற முடியாது. ஹைவோல்டேஜ் பாதுகாப்புச் சுற்று குறுக்கே நிற்கிறதே என்று அதைத் துண்டிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனோட் வோல்டேஜ் ஏறினால் எக்ஸ்ரேயும் ஏறும். அதில் கை வைக்காதீர்கள்.

திரைநிழல் எழுதியது:

7 அங்குலத்துக்கு 1080பி 60 வீண். அந்த சிக்னலின் கிடைமட்ட ஸ்கேன் (விநாடிக்கு வரையும் கோடுகள்) 67.5 கிலோஹெர்ட்ஸ், பிக்சல் க்ளாக் 148.5 மெகாஹெர்ட்ஸ். அந்தச் சின்ன முகப்பில் 1,080 கோடும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், கற்றையைத் திருப்பும் டிஃப்ளெக்ஷன் பகுதி சும்மா சூடாகும். 1080பியெல்லாம் சோனி ஜி90, மார்கீ 9500எல்சி மாதிரி 9 அங்குலக்காரர்கள் சமாச்சாரம். 720பி 60 கொடுங்கள், 45 கிலோஹெர்ட்ஸ்தான், கோடுகள் பிரிந்து நிற்கும். சினிமா மட்டும் பார்ப்பதென்றால் 720பி 72: 54 கிலோஹெர்ட்ஸ் ஆகும், சினிமாவின் விநாடிக்கு 24 ஃப்ரேமும் மும்மூன்று தடவை சமமாக வந்து அசைவில் தெரியும் இழுவை போய்விடும்.

8 அடியும் அதிகம். 6, மிஞ்சினால் 7 அடி அகலம். பெரிய திரைக்கு ஈடுகட்ட கான்ட்ராஸ்டை ஏற்றி ஏற்றித்தான் குழாய்கள் சாகின்றன.

அரைஇருட்டு எழுதியது:

டேப் ஒட்டிப் பார்த்தேன், நகர்வது பச்சையேதான். யோக் பிளக்கில் மூன்று ஊசி வெடித்திருந்தன, மறுசால்டர் செய்ததும் நின்றது. கப் துடைத்தபின் டிக் சத்தமும் இல்லை. கூலன்ட் மாற்றியாயிற்று, 310 மில்லி வந்தது. ஒளிவட்டம் போய்விட்டது.

இப்போது இரண்டு சந்தேகம். ஒரு மணி நேரம் ஓடியதும் அறையின் உச்சியில் பட்டாணி அளவு குமிழி நிற்கிறது. பச்சைப் படம் லேசாகச் சாய்ந்து, ஒரு மூலை மட்டும் மங்கலாக இருக்கிறது.

குழாய்ப்பித்தன் எழுதியது:

குமிழி புதிதாகப் பிறந்ததில்லை, அறையின் மடிப்புகளில் ஒளிந்திருந்த காற்று சூட்டில் மேலே வந்திருக்கிறது. ஆறியபின் நிரப்பும் துளை உச்சியில் வரும்படி குழாயைச் சாய்த்து, அறையை விரலால் தட்டித் தட்டி வெளியேற்றி, குறைகிற சில மில்லியை ஊற்றி மூடுங்கள். அடுத்த வாரம் மறுபடி வந்து, அதுவும் பெரிதாகிக்கொண்டே போனால் கேஸ்கட் காற்றை உள்ளே இழுக்கிறது.

சாய்வு, யோக் ஒன்றிரண்டு பாகை திரும்பி உட்கார்ந்ததால். கன்வர்ஜன்ஸ் மெனுவில் இழுத்து நிமிர்த்தாதீர்கள், அந்த ஆம்புக்கு வீண் சுமை. யோக் கிளாம்பைத் தளர்த்திக் கையால் திருப்புங்கள். படம் ஓடும்போது செய்வதென்றால் உலர்ந்த கை, ஒரு கை, பக்கத்தில் ஓர் ஆள்.

மூலை மங்கலுக்கு வரிசை தவறாமல் போங்கள். சிக்னல் இல்லாமல் கான்ட்ராஸ்டைப் பூஜ்ஜியத்தில், பிரைட்னஸை நடுவில் வைத்து, லென்ஸுக்குள் பார்த்தபடி ஜி2-வை (குழாயின் ஸ்கிரீன் வோல்டேஜ்) ஏற்றுங்கள். கற்றை திரும்பும்போது வரையும் கோடுகள் தலைகாட்டியதும் அவை மறையும்வரை மட்டும் இறக்குங்கள். பிறகு மெனுவில் ஷிஃப்ட்டை நடுவில் வைத்து, ராஸ்டர் (கற்றை வரையும் ஒளிச் செவ்வகம்) பாஸ்பரின் நடுவில் உட்காரும்படி சென்டரிங் காந்தத்தால் கொண்டுவாருங்கள். அடுத்தது நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டு எலக்ட்ரானிக் ஃபோகஸை இரண்டு பக்கமும் ஆட்டுங்கள். குறி இடம் நகரக்கூடாது. நகர்ந்தால் இரண்டு முனைக் காந்த வளையம். நின்றபின் புள்ளி பேட்டர்ன்: ஃபோகஸ் கலையும்போது புள்ளி முட்டையாக நீண்டால் நாலு முனை வளையம், முக்கோணமாக இருந்தால் ஆறு முனை. வட்டமாகவே விரிந்து வட்டமாகவே சுருங்கினால் அஸ்டிக் (அஸ்டிக்மாட்டிசம், புள்ளியின் வடிவக் கோணல்) சரியாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் லென்ஸைத் தொட வேண்டும். முதலில் நடுப்பகுதி, பிறகு ஓரத்துக்கான வளையம், மறுபடி நடு. நாலு மூலையில் ஒன்று மட்டும் மீதி நின்றால் லென்ஸின் சாய்வுத் திருகு. குழாயை எடுத்து மாட்டியதில் ஷிம் (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடு) அல்லது ஸ்ப்ரிங் இடம் மாறியிருக்கும், அநேகமாக உங்கள் மூலையும் அதுதான். பச்சை வடிவம் நேரானபின் சிவப்பு, நீலம் இரண்டையும் அதன்மேல் ஏற்றுங்கள். 45 நிமிடம் சூடேறாமல் கன்வர்ஜன்ஸ் தொடுவது நேர விரயம்.

திரைநிழல் எழுதியது:

கிரேஸ்கேல் (கறுப்பிலிருந்து வெள்ளைவரை மூன்று நிறத்தையும் சமன் செய்வது) போடும்போது வெளிச்சப் பகுதியில் நீலம் பின்தங்குகிறதா பாருங்கள். நீல பாஸ்பர் அதிக மின்னோட்டத்தில் அந்த விகிதத்துக்கு ஒளி தராது. நீலத்தின் எலக்ட்ரானிக் ஃபோகஸை ஒரு துளி கலைத்தால் வெள்ளை மஞ்சளிப்பது குறையும். நீலத்தில் கூர்மை குறைவது கண்ணுக்கு உறுத்தாது.

நெக்போர்டு எழுதியது:

வடித்த பழைய 310 மில்லியைத் திறந்த டப்பாவில் வைத்துவிடாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாய், பூனை நக்கினால் சிறுநீரகம் போய்விடும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மூடி போட்ட பாட்டிலில் எழுதி ஒட்டி, ரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். தரையில் சிந்தியதை நிறையத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள், போர்டில் சொட்டியிருந்தால் டிஸ்டில்ட் வாட்டர், பிறகு ஆல்கஹால். ஒரு நாள் உலராமல் மின்சாரம் கொடுக்க வேண்டாம்.