ரதர்ஃபோர்டின் கடிதங்கள்: நாடுகடத்தலை அரண்மனை என்பவரை நம்பலாமா?

சாட்ஸ்வொர்த் பேத்தி:
தாத்தா போய் ஆறு மாதம் ஆகிறது. போன வாரம்தான் அவர் அலமாரியை ஒழித்தோம். வேதாகமம், பாட்டுப் புத்தகம் எல்லாம் போக, செங்கல் கனத்துக்கு ஒரு ஆங்கிலப் புத்தகம் இருந்தது: சாமுவேல் ரதர்ஃபோர்ட் என்ற ஸ்காட்லாந்துப் போதகரின் கடிதங்கள், மொத்தம் 365. ஓரமெல்லாம் தாத்தாவின் பென்சில் கோடு, அதற்காகத்தான் படிக்கவே உட்கார்ந்தேன்.

இருபது கடிதம் தாண்டுவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. ஆளை ஊரைவிட்டுத் துரத்தி அபர்டீன் என்ற ஸ்காட்லாந்து நகரில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள், இவரோ அதைக் கிறிஸ்துவின் அரண்மனை என்கிறார். சிலுவை பாரம்தானாம், ஆனால் பறவைக்குச் சிறகு பாரமாக இருப்பது போலவாம். திரும்பிய பக்கமெல்லாம் மணவாளன், முத்தம், விருந்து. நிஜமாகவே இவ்வளவு சந்தோஷமா, இல்லை நாலு பேர் படிப்பார்கள் என்று எழுதியதா? எங்கள் வீட்டுக்கூட்டத்தில் கேட்டால் "அதுதாம்மா விசுவாசம்" என்று சொல்லி டீ குடிக்கப் போய்விட்டார்கள். படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது?

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:
நீ நடுவில் போய் மாட்டிக்கொண்டாய் அம்மா. அந்த 365இல் ஏறக்குறைய 220 கடிதங்கள் அபர்டீனில் ஒன்றரை வருடத்துக்குள் எழுதியவை, அதைத் தொடர்ந்து படித்தால் யாருக்கும் திகட்டும். 1627இல் அன்வொத் என்ற சின்ன கிராமச் சபைக்கு வந்தவர் அவர். பிஷப்மார் ஆட்சியை ஏற்கவில்லை, 1636இல் அர்மீனியஸ் என்ற இறையியலாளரின் கொள்கையை (கடவுளின் கிருபையை ஏற்பதும் மறுப்பதும் மனிதன் கையில் என்பது) எதிர்த்து லத்தீனில் புத்தகம் வேறு போட்டார், அதே வருடம் விசாரித்து அபர்டீனுக்கு அனுப்பிவிட்டார்கள். கம்பிச் சிறை இல்லை. தெருவில் நடக்கலாம், எழுதலாம், பிரசங்கம் மட்டும் கூடாது.

அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. வாயடைத்துப்போன ஓய்வுநாட்கள் என்று புலம்புகிறார், கவனித்தாயா? அன்வொத் கோவிலில் கூடு கட்டும் குருவிகள் பாக்கியம் பெற்றவை என்று ஏங்குகிறார், அப்படியே 84ஆம் சங்கீதத்து அடைக்கலான் குருவிதான். ஆரம்பத்தில், திராட்சைத் தோட்டத்து வேலிக்கு வெளியே வீசிய பட்ட மரம் தான் என்றே நினைத்திருக்கிறார். சந்தோஷம் பொய்யில்லை, ஆனால் அது சண்டை போட்டு வாங்கிய சந்தோஷம்.

அபர்டீனுக்கு முந்தையவற்றில் தொடங்கு. முதல் மனைவி 13 மாதம் படுக்கையில் வதைபட்டு 1630இல் இறந்தார். அந்த நாட்களில் மேரியன் மெக்நாட் என்ற தோழிக்கு எழுதும்போது, வாழ்க்கை கசக்கிறது, கர்த்தரே எனக்கு எதிராளியோ என்று பயமாக இருக்கிறது, புயலுக்குள் கடவுள் கண்ணில் படுவது கடினம் என்கிறார். அங்கே அரண்மனையும் இல்லை, விருந்தும் இல்லை. இன்னொன்று, இந்தக் கடிதங்கள் அச்சேறியது 1664இல், அவர் கண்மூடி மூன்று வருடம் கழித்து.

டர்பன் பழசு:
அபர்டீன் கதையை நம்ம ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம் வாத்தியாரே. இங்கே தென்னாப்பிரிக்காவில் இனப்பிரிவினை அரசு, எதிர்த்தவர்கள் மேல் 1950 கம்யூனிச ஒடுக்குமுறைச் சட்டத்தை வைத்து 'பேனிங் ஆர்டர்' என்ற தடையாணை போட்டார்களே, வட்டாரத்தைத் தாண்டக்கூடாது, கூட்டத்தில் நிற்கக்கூடாது, அவர் சொன்னதைப் பேப்பரில் போடக்கூடாது. எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தார். மாலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார், நாங்கள் பையன்கள் இரண்டு பேராகச் சேர்ந்து பக்கத்தில் போனால் கையாலேயே போ போ என்பார். ஏதோ கோபம் என்று நினைத்தோம், எங்களோடு நின்றால் அதுவே கூட்டம் என்று கேஸ் ஆகும் என்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது. இந்தப் போதகருக்காவது எழுத விட்டார்கள். ராபன் தீவுச் சிறையில் கடைசி வகுப்பு அரசியல் கைதிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், அதுவும் 500 வார்த்தை. அதனால் 220 கடிதம் என்றதும் எனக்கு முதலில் பொறாமைதான் வந்தது.

பீனிக்ஸ் தம்பி:
எல்லாம் சரி, ஆளை ஒரேயடியாகத் தூக்கி வைக்காதீர்கள் ஐயா. மனசாட்சிக்காகத் துரத்தப்பட்ட இதே மனிதர் 1649இல் மற்றவர்களின் மனசாட்சிச் சுதந்திரத்தை எதிர்த்துத் தடிப் புத்தகம் எழுதினார். கவிஞர் மில்டனே பெயர் சொல்லிச் சாடியிருக்கிறார். இவரைப் போலவே கால்வின் என்ற சபைச் சீர்திருத்தவாதியின் வழி வந்தவர்கள் இந்த நாட்டில் இனப்பிரிவினைக்கு வசனம் தேடிக் கொடுத்ததைப் பார்த்தவர்கள் நாம், எனக்கு இந்த வகைப் போதகர் என்றாலே கொஞ்சம் உறுத்தும். ஆனாலும் 1644இல் அரசனும் சட்டத்துக்குக் கீழேதான் என்று 'லெக்ஸ் ரெக்ஸ்' என்ற புத்தகம் எழுதினாரே, அதை மறுக்க மாட்டேன். மன்னராட்சி திரும்பியதும் 1660இல் அதைக் கொளுத்தினார்கள், ராஜதுரோகம் என்று அழைப்பாணையும் வந்தது. அப்போது சாகக் கிடந்தவர், அதைவிடப் பெரிய நீதிபதியிடமிருந்து முன்னமே அழைப்பு வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினாராம். 1661 மார்ச்சில் போய்விட்டார்.

டோங்காட் அக்கா:
தங்கச்சி, நான் பெரிய படிப்பாளி இல்லை. என் குழந்தை தவறிய சமயம் சபையில் ஒருவர் கென்மியூர் சீமாட்டிக்கு 1629இல் இவர் எழுதிய கடிதத்தை நகல் எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாவின் மகள் இறந்திருக்கிறாள். அவள் தொலைந்துபோகவில்லை, முன்னால் அனுப்பப்பட்டிருக்கிறாள், நம் கண்ணுக்கு மறைந்த நட்சத்திரம் பூமியின் மறுபாதியில் ஒளிவிடுவது போல, என்று வரும். முதலில் எரிச்சல்தான். இவருக்கு என்ன தெரியும் என்று மடித்து வைத்துவிட்டேன். அப்புறம்தான் அவர் கதை தெரிந்தது, முதல் மனைவியின் பிள்ளைகளும் தங்கவில்லை, இரண்டாவது மனைவிக்குப் பிறந்த ஏழு பேரில் ஒரே ஒரு மகள்தான் அவருக்குப் பின் இருந்தாள். மறுபடி எடுத்துப் படித்தபோது சிரிப்பும் வந்தது, ஸ்காட்லாந்துக்காரருக்கு அந்த மறுபாதி என்பது நாம் இருக்கிற இந்தப் பக்கம்தானே.

சாட்ஸ்வொர்த் பேத்தி:
எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னதும் ஓடிப்போய் அந்த நட்சத்திரப் பக்கத்தைப் பார்த்தேன், தாத்தா ஒரு கோடுகூடப் போடவில்லை. வாத்தியார் சொன்ன புயல் கடிதத்தில் மட்டும் இரண்டு கோடு, அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்திருக்கிறது. பாட்டி படுத்த படுக்கையாக இருந்த வருடமாக இருக்கும் என்கிறார் அப்பா. அங்கிருந்தே தொடங்குகிறேன். டர்பன் ஐயா, உங்கள் தெருக்காரரைப் பற்றி இன்னும் எழுதுங்களேன்.