பாளைக் குடும்பம் குழு: எஸ்தரின் வியன்னா கச்சேரி

சனிக்கிழமை

எஸ்தர், மாலை 6:10
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இன்றைக்கு எங்கள் கொயரின் (பாடகர் குழு) கச்சேரி. இங்கே இரவு ஏழரை, உங்களுக்கு நள்ளிரவு 12. நேரடி ஒளிபரப்பு கிடையாது, யாரும் விழித்திருக்க வேண்டாம். ஜெபித்துக்கொள்ளுங்கள், போதும்.

பியூலா பெரியம்மா, 6:12
கர்த்தர் கூட இருப்பார் எம்மா. கோயிலுக்குள் ஹீட்டர் உண்டா? ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பாட விடுவார்களா?

எஸ்தர், 6:13
ஹீட்டர் பெயருக்குத்தான் பெரியம்மா. கறுப்பு உடைக்குள்ளே தெர்மல் போட்டுக்கொள்வேன்.

ஜெபா, 6:15
அக்கா, மியூசிக்ஃபெராய்னிலா? புத்தாண்டு அன்று டிவியில் காட்டுவார்களே, அந்தத் தங்க ஹால்?

எஸ்தர், 6:17
ஆசைதான். அங்கே நின்று கேட்கிற டிக்கெட் வாங்கிப் பின்னால் நின்றிருக்கிறேன், அவ்வளவே. நாங்கள் பாடுவது எங்கள் பகுதித் தேவாலயத்தில். கொயரில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், வாரத்தில் ஒரு மாலை கூடுவோம். ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் சம்பளத்துக்கு வருகிறது.

செல்வின் சித்தப்பா, 6:21
ப்ரோகிராம் சொல்.

எஸ்தர், 6:22
முதலில் ஷூபர்ட்டின் பி மைனர் சிம்பொனி. இடைவேளை. அப்புறம் மொசார்ட்டின் ரெக்வியம்.

செல்வின் சித்தப்பா, 6:23
அடேயப்பா. இரண்டுமே அரைகுறையாய் விட்டது!

எஸ்தர், 6:24
அதுதான் சித்தப்பா எங்கள் கண்டக்டரின் திட்டமே. ஒன்றை முடிக்காமல் அப்படியே வாசிப்போம், இன்னொன்றை இன்னொருவர் முடித்தபடி பாடுவோம்.

ஜெபா, 6:26
ராஜா சார் 2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேற்றிய சிம்பொனிக்கு நாலு பகுதி இருந்ததே. ஷூபர்ட்டுக்கு எத்தனை?

செல்வின் சித்தப்பா, 6:31
இரண்டுதான். மூன்றாவதைப் பியானோவுக்கு எழுதிப் பார்த்தார், ஆர்க்கெஸ்ட்ராவுக்குச் சில பார்கள் (தாளக் கட்டங்கள்) மட்டும் மாற்றினார், விட்டுவிட்டார். செத்துப்போனதால் நின்றது என்று நினைக்காதே. எழுதியது 1822, இறந்தது 1828. நடுவில் வேறு எவ்வளவோ எழுதிக் குவித்தார். கையெழுத்துப் பிரதி ஹூட்டன்ப்ரென்னர் என்கிற நண்பரிடம் கிடந்தது. 1865இல்தான் வியன்னாவில் முதன்முதலாக வாசித்தார்கள்.

ராஜன் மாமா, 6:34
நாற்பது வருஷத்துக்கு மேல் அலமாரியிலா? நல்ல நண்பன்.

பியூலா பெரியம்மா, 6:40
எஸ்தர், ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. ரெக்வியம் என்றால் ஆர்.சி.க்காரர்கள் இறந்தவர்களுக்காக வைக்கிற பூசைதானே? நம் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லையே.

எஸ்தர், 6:43
ஆமாம் பெரியம்மா. “அவர்களுக்கு நித்திய இளைப்பாறுதலைத் தாரும்” என்றுதான் ஆரம்பிக்கும். நான் அதை நம்பிப் பாடுகிறேனா என்று எங்கள் போதகர் ஐயர் கேட்டால் பதில் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் “டீயஸ் இரே”, அந்த நியாயத்தீர்ப்பு நாள் பகுதி, வந்துவிட்டால் யோசிக்க நேரம் இருக்காது, மூச்சு விடவே நேரம் இருக்காது.

செல்வின் சித்தப்பா, 6:47
மதினி, நம் புராட்டஸ்டன்ட் பக்கத்தாரும் ரெக்வியம் எழுதியிருக்கிறார்கள். பிராம்ஸ் என்கிற ஜெர்மன் இசையமைப்பாளர் லுத்தரின் ஜெர்மன் பைபிளிலிருந்து வசனங்களை எடுத்துக் கோத்தார். அது இறந்தவர்களுக்கான ஜெபம் இல்லை, துயரப்படுகிறவர்களுக்கு ஆறுதல். 1868இல் பிரேமன் கதீட்ரலில் பாடினார்கள்.

பியூலா பெரியம்மா, 6:48
அப்போ அடுத்த தடவை அதைப் பாடச் சொல்.

ஜெபா, 6:50
அந்தக் காலத்து இன்னொரு இசையமைப்பாளர் சாலியேரி மொசார்ட்டை விஷம் வைத்துக் கொன்ற கதையை யாருமே சொல்லவில்லையே 😀

எஸ்தர், 6:55
அது வெறும் வதந்தி ஜெபா. இங்கே அதைச் சொன்னால் பெருமூச்சு விடுவார்கள். சாலியேரி மொசார்ட்டின் மகனுக்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர். சின்ன வயதில் ஷூபர்ட்டும் அவரிடம் படித்தார். இன்றைக்குப் பாடுகிற இரண்டு பேருக்கும் அவரோடு தொடர்பு இருக்கிறது, விஷம் இல்லாமலே.
ரெக்வியத்தைக் கேட்டு ஆள் அனுப்பியவர் வால்செக் என்கிற பிரபு. 1791 பிப்ரவரியில் மனைவி இறந்துவிட்டார், அவர் நினைவுக்காக. தன் பெயரைச் சொல்லாமல் கேட்டனுப்பினார். காரணம் என்ன தெரியுமா? மற்றவர்கள் எழுதியதை வாங்கித் தன் கையால் பிரதி எடுத்துத் தான் எழுதியதாகக் காட்டிக்கொள்வது அவர் வழக்கம்.

ராஜன் மாமா, 6:57
இந்த மாதிரி ஆட்களை நம் இலக்கிய மன்றத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எஸ்தர், 6:59
😂 நான் கிளம்புகிறேன். ஒத்திகை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை

எஸ்தர், பகல் 12:40
எழுந்துவிட்டேன். நன்றாக நடந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கோயில் நிறைந்திருந்தது.

பியூலா பெரியம்மா, 12:41
இப்போதுதான் ஆராதனை முடிந்து வந்தோம். உன் பெயர் சொல்லி ஜெபித்தோம். சாப்பிட்டாயா?

எஸ்தர், 12:42
சாப்பிடப் போகிறேன் பெரியம்மா.

செல்வின் சித்தப்பா, 12:43
விவரமாகச் சொல். கீரியே, அந்தக் ‘கர்த்தாவே இரங்கும்’ பகுதி, எப்படி இருந்தது?

எஸ்தர், 12:52
அதைத்தான் சொல்ல வந்தேன். பேஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்) “கீரியே” என்று ஆரம்பித்தவுடனே ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) நாங்கள் “கிறிஸ்தே” என்று வேறொரு மெட்டில் நுழைய வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று துரத்தும். ஒத்திகையில் வேகமாகப் போய்விடுவோம். நேற்று ஒருவர்கூட ஓடவில்லை. எனக்குப் பின்னாலேயே ஆல்ட்டோ டிராம்போன்காரர் உட்கார்ந்திருந்தார். எங்கள் வரியையே அவரும் வாசிப்பார், டெனருக்கும் (ஆண்களின் உயர்ந்த குரல்) பேஸுக்கும் அதே மாதிரி ஆளுக்கொரு டிராம்போன். சுருதி தவறினால் முதுகில் குத்துகிற மாதிரி தெரியும்.
ஷூபர்ட்டில் வாசித்த ஃப்ளூட், ஓபோ, ஹார்ன்காரர்கள் இடைவேளையில் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ரெக்வியத்தில் அவர்களுக்கு வேலையே இல்லை. கிளாரினெட்காரர்கள் மட்டும் பாசெட் ஹார்ன் (கிளாரினெட் வகைதான், இன்னும் தாழ்ந்த குரல்) எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தக் கருவியின் மங்கல் குரல்தான் முழுப் பூசைக்கும் நிறம் கொடுக்கிறது.

ஜெபா, 12:54
பாதியில் போனவர்களுக்குப் பாதிச் சம்பளமா?

எஸ்தர், 12:55
கேட்க தைரியம் இல்லை.

ராஜன் மாமா, 1:05
நேற்றிலிருந்து யோசிக்கிறேன். நான் கணக்கு வாத்தியார். ஒருவன் பாதியில் விட்ட கணக்கை அடுத்தவன் முடிக்கலாம், விடை ஒன்றுதான். பாட்டுக்கு விடை ஒன்றா? ஷூபர்ட்டை அப்படியே விட்டார்கள், மரியாதை. மொசார்ட்டை மட்டும் ஏன் இன்னொருவர் தொட வேண்டும்?

செல்வின் சித்தப்பா, 1:09
அத்தான், சிம்பொனி கேட்கத்தான். பூசை நடத்த வேண்டியது. “சாங்டுஸ்” (‘பரிசுத்தர்’ என்கிற பகுதி) இல்லாமல் குருவானவர் என்ன செய்வார்? இரண்டு பகுதி வாசித்துவிட்டு எழுந்து போகலாம், பிரேதத்தை வைத்துக்கொண்டு பாதியில் எழுந்து போக முடியாது.

ராஜன் மாமா, 1:10
வேறு யாராவது எழுதிய சாங்டுஸைச் சேர்த்துக்கொள்ளலாமே.

எஸ்தர், 1:18
மாமா, அதில் பணமும் இருக்கிறது. மொசார்ட் 1791 டிசம்பர் 5 அன்று இறந்தார், 35 வயது. அவர் மனைவி கான்ஸ்டான்ஸாவுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், கடன் வேறு. முழுசாகக் கொடுத்தால்தான் மீதிப் பணம். முதலில் ஐப்லர் என்கிற இசையமைப்பாளரிடம் கொடுத்தார், அவர் கொஞ்சம் செய்து திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம் சூஸ்மாயர் என்கிற இன்னொரு இசையமைப்பாளர் முடித்தார். “லாக்ரிமோசா” என்கிற பகுதியில் மொசார்ட் எழுதியது எட்டு பார்தான். நேற்று ஒன்பதாவது பாரில் நுழைகிறபோது எனக்குத் தெரிந்தது, இதற்குமேல் வேறு ஆள் என்று. ஆனால் கேட்கிறவர்களில் யாருக்காவது தெரிந்திருக்குமா? சந்தேகம்தான்.
சாங்டுஸ் கொஞ்சம் வறட்சி, ஒத்துக்கொள்கிறேன். ஆக்னுஸ் தேயை (‘தேவ ஆட்டுக்குட்டி’ பகுதி) மட்டும் யாரும் குறை சொல்லக் கூடாது. கடைசியில் சூஸ்மாயர் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார். ஆரம்பத்தில் வந்த மொசார்ட்டின் இசையையே, குரல்கள் துரத்துகிற அந்தக் கீரியே ஃபியூக் உட்பட, வேறு வார்த்தைகளோடு திரும்பக் கொண்டுவந்தார். அதனால் கடைசி ஸ்வரம் மொசார்ட்டுடையதுதான்.

ராஜன் மாமா, 1:20
சரி. அரை மார்க் கொடுக்கிறேன்.

ஜெபா, 1:22
அந்தப் பிரபு என்ன ஆனார்?

செல்வின் சித்தப்பா, 1:25
1793 டிசம்பரில் தன் பெயரைப் போட்டுத் தானே கண்டக்ட் செய்தார். ஆனால் அதே வருஷம் ஜனவரியிலேயே வியன்னாவில் கான்ஸ்டான்ஸாவின் உதவிக்காக அதைப் பாடிவிட்டார்கள். குட்டு முன்கூட்டியே உடைந்துபோயிற்று.

எஸ்தர், 1:31
மூலப் பிரதி இங்கேதான், தேசிய நூலகத்தில். 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்கு அனுப்பியபோது யாரோ ஒருவர் ஒரு தாளின் மூலையைக் கிழித்துக்கொண்டு போய்விட்டார். அதில் மொசார்ட் கையால் எழுதிய சில லத்தீன் வார்த்தைகள். இன்றுவரை கிடைக்கவில்லை.

பியூலா பெரியம்மா, 1:32
பாவி.

பியூலா பெரியம்மா, 1:33
பெண்களும் ஆண்களும் சேர்ந்துதானே நின்று பாடினீர்கள்?

எஸ்தர், 1:37
ஆமாம் பெரியம்மா. நல்ல வேளை இது 1849 இல்லை. அந்த வருஷம் பாரிஸில் மதலேன் தேவாலயத்தில் ஷோப்பன் அடக்க ஆராதனைக்கு இதே ரெக்வியத்தைப் பாடினார்கள். பெண்கள் அங்கே பாடக் கூடாது என்று சட்டம். கடைசியில் கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்று பாட விட்டார்களாம்.

பியூலா பெரியம்மா, 1:38
குரல் மட்டும் வேண்டும், ஆள் வேண்டாம். நல்ல நியாயம்.

செல்வின் சித்தப்பா, 1:44
எஸ்தர், நம் கொயருக்கு மொசார்ட்டில் எதையாவது எடுக்கலாமா? ரெக்வியம் வேண்டாம், பேஸுக்கே நாலு பேர்தான், அதில் இரண்டு பேர் டெனர்.

எஸ்தர், 1:50
“ஆவே வேரும் கோர்ப்புஸ்” என்கிற சின்ன லத்தீன் பாட்டை எடுங்கள் சித்தப்பா. அதே 1791 ஜூனில், பாடன் என்கிற ஊரில் இருந்த கொயர் மாஸ்டர் நண்பருக்காக எழுதியது. மொத்தமே 46 பார், இது அவரே முடித்தது 😀 சின்னக் கொயரால் முடியும். ஆனால் ஆரம்பத்திலேயே “சொட்டோ வோச்சே” என்று போட்டிருக்கிறார், அடக்கிப் பாட வேண்டும். நம் சோப்ரானோக்களிடம் (உயர்ந்த குரல் பெண்கள்) அதைச் சொல்வது உங்கள் பாடு.

பியூலா பெரியம்மா, 1:52
யாரைச் சொல்கிறாய்?

ஜெபா, 1:52
பெரியம்மா, பெயர் சொல்லவில்லையே 🙈

செல்வின் சித்தப்பா, 1:55
பெரிய வெள்ளிக்குப் பொருத்தமாக இருக்கும். ஐயரிடம் நான் பேசுகிறேன். அடுத்த சனி ஐந்தரைக்கு என் வீட்டில் ப்ராக்டிஸ். அத்தான், நீங்கள் பேஸ்.

ராஜன் மாமா, 1:56
எனக்கு லத்தீன் தெரியாது.

பியூலா பெரியம்மா, 1:57
இங்கே யாருக்குத் தெரியும்? வாருங்கள், முறுக்கு நான் கொண்டுவருகிறேன்.

எஸ்தர், 2:03
பிடிஎஃப் அனுப்பிவிட்டேன். “எஸ்தோ நோபிஸ்” வருகிற இடத்தில் பெண்கள் முதலில், ஆண்கள் அதற்குப் பின்னால். மாமா, அங்கே அவசரப்பட்டு முன்னால் நுழைந்துவிடாதீர்கள்.