தோட்டத்து மரப் பாதையில் காலையில் மட்டும் வண்டி தடம் புரள்கிறது, உதவி வேண்டும்

பெகுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக மண்டையைக் குடைகிற பிரச்சினை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அப்பா இங்கே பர்மாவில், பெகு பக்கம் ரயில்வே கேங்கில் 31 வருஷம் தண்டவாளம் பார்த்தவர். இப்போது முட்டி தேய்ந்து குனிய முடிவதில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை நீட்டித் தொடுகிற உயரத்தில், தரையிலிருந்து இரண்டரை அடி மேலே, வீட்டுக்குப் பின்னால் மரத்தில் ஒரு சின்ன ரயில் பாதை கட்டிக் கொடுத்தேன். 28 அடி நீளம், 12 அடி அகலம், முட்டை வடிவம், வளைவின் ஆரம் 5 அடி. கால்கள் எல்லாம் பியின்கடோ என்கிற கடின மரம், மூன்றுக்கு மூன்று அங்குலம். அதன்மேல் ஒரு அங்குலக் கனத்தில் 9 அங்குல அகலத்தில் கன்யின் மரப் பலகை. வளைவில் மட்டும் பலகையைத் துண்டு துண்டாக வளைத்து அறுத்து முனையோடு முனை முட்டவைத்துச் சேர்த்திருக்கிறேன், அந்தச் சேர்ப்பைத்தான் முட்டு என்கிறேன். தண்டவாளம் பித்தளை, இரண்டுக்கும் நடுவில் 45 மில்லிமீட்டர் இடைவெளி. வண்டி சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த பழைய செட்: ஒரு டீசல் இன்ஜின், நாலு சக்கரச் சரக்குப் பெட்டி மூன்று, போகி (தனியாகத் திரும்பும் சக்கரத் தொகுதி) வைத்த பயணிகள் பெட்டி இரண்டு. நம் ஊர் மின்சாரத்தை நம்பி ஓட்ட முடியாது என்பதால் இன்ஜினுக்குள்ளேயே பேட்டரி.

சித்திரைத் தண்ணீர்த் திருவிழாவுக்கு ஓட ஆரம்பித்தது. மே கடைசி வரை ஒரு குறையும் இல்லை. மழை பிடித்ததும் தொடங்கியது வினை. கிழக்கு வளைவில் மூன்றாவது முட்டு தாண்டியதும் சரக்குப் பெட்டி கீழே இறங்கிவிடுகிறது. காலை ஆறு முதல் ஒன்பது வரை கிட்டத்தட்ட ஒவ்வொரு சுற்றிலும். வெயில் அடித்த நாளில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஓட்டினால் ஒரு தடவைகூட விழாது! அப்பாவுக்குத் தூக்கம் போவது விடியற்காலையில், அவர் ஓட்ட ஆசைப்படுகிற நேரமும் அதுதான். பெட்டி விழும்போதெல்லாம் அவர் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க முடியவில்லை.

சக்கர இடைவெளி சரிபார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. வேகத்தையும் குறைத்துப் பார்த்தாயிற்று. வேறு எதைப் பார்க்க வேண்டும்?

சிரியம் தம்பி:

அண்ணா, தண்டவாளம் நீண்டு நெளிகிறதோ என்று தோன்றுகிறது. பித்தளை சூட்டுக்கு நன்றாகவே நீளும். 10 மீட்டர் பாதையில் 30 டிகிரி கூடினால் சுமார் 6 மில்லிமீட்டர் வரும். மூட்டுகளில் இடைவெளி விட்டீர்களா? இடம் இல்லாமல் இறுக்கி வைத்தால் வளைவில்தான் வெளியே தள்ளும்.

பெகுக்காரன்:

தம்பி, நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் நீள்வதாக இருந்தால் மத்தியானம் அல்லவா விழ வேண்டும்? ராத்திரி மழை பெய்து எல்லாம் குளிர்ந்து கிடக்கிற காலையில்தான் விழுகிறது. மூட்டுக்கு மூட்டு ஒரு மில்லிமீட்டர் விட்டிருக்கிறேன்.

மீட்டர்கேஜ் ரங்கூன்:

முதலில் ஒரு சந்தோஷம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ, 45 மில்லிமீட்டர் பாதை நம் நாட்டுக்கென்றே செய்தது போல. 1877-ல் ரங்கூனிலிருந்து ப்ரோமுக்குப் போட்ட முதல் பாதையிலிருந்தே இங்கே ஓடுவது மீட்டர்கேஜ். 45 மில்லிமீட்டர் பாதையில் மீட்டர்கேஜ் வண்டிகளை 22.5-ல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்வார்கள், ஆயிரம் மில்லிமீட்டரை 22.5 ஆல் வகுத்தால் 44.4. அப்பா பார்த்த தண்டவாளத்தின் அளவு அப்படியே சுருங்கி உங்கள் தோட்டத்துக்கு வந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சில கேள்விகள். எந்தத் திசையில் ஓடினாலும் விழுகிறதா, ஒரு திசையில் மட்டுமா? போகிப் பெட்டிகள் விழுவதுண்டா? விழுகிற பெட்டியில் முதலில் இறங்குவது எந்தச் சக்கரம்? அப்புறம் முக்கியமாக, ஒரு சின்ன ரசமட்டத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்து, அந்த முட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, அளவு எடுங்கள். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. மட்டம் வராத பக்கம் மெல்லிய தகடுகளைச் சொருகி எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். இதைச் செய்யாமல் நாம் என்ன பேசினாலும் ஊகம்தான்.

பெகுக்காரன்:

மூன்று நாள் எடுத்தேன். கேள்விகளை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், "கிராஸ் லெவல் எடுக்கச் சொல்றாரா, அந்த ஆளுக்கு வேலை தெரியுது" என்றார். இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே மட்டம் பார்ப்பதற்கு அவர்கள் வைத்த பெயராம்.

விழுவது ஒரு திசையில் மட்டும், கடிகார முள் சுற்றுகிற பக்கமாக ஓடும்போது. எதிர்த்திசையில் ஓட்டினால் ஆட்டம் தெரிகிறது, விழவில்லை. போகிப் பெட்டி ஒரே ஒரு முறை விழுந்தது. முதலில் இறங்குவது எப்போதும் வெளிப்பக்கத்து முன் சக்கரம்.

அளவு: காலையில், முட்டுக்கு முந்திய பலகையில் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட 2 மில்லிமீட்டர் உயரம். முட்டுக்குப் பிந்திய பலகையில் மட்டம் சரியாக இருக்கிறது. சாயங்காலம் அந்த உயரம் அரை மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நான் பலகை போடும்போது எல்லாமே மட்டம் பார்த்துத்தான் போட்டேன், சத்தியமாக.

இன்னொன்று. நான் இத்தனை நாளும் பெட்டி விழுந்து கிடக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளித் தண்டவாளத்தின் தலையில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். அந்த முட்டுக்கு அப்பால் நாலு ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கிற கட்டை) தள்ளி நிறுத்தி, "இங்கே பார்" என்றார். தண்டவாளத்தின் உள் ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்குச் சாய்வாக, ஒரு சாண் நீளம், முடி கனத்தில் பளபளவென்று ஒரு கீறல். சக்கரத்தின் விளிம்பு மேலே ஏறிப் போன தடமாம். "விழுந்த இடத்துல ஒண்ணும் இருக்காது. ஏறின இடத்தைத்தான் தேடணும், அங்கேயிருந்து பின்னாடி நடந்து பார்க்கணும்" என்றார்.

மீட்டர்கேஜ் ரங்கூன்:

அப்பாவுக்கு என் கும்பிடு. அவர் காட்டிய கீறலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

வெளிப்பக்கம் தூக்கிய பாதையிலிருந்து மட்டமான பாதைக்கு வண்டி நுழைகிறது. நாலு சக்கரப் பெட்டி விறைப்பானது, முறுக்கிக் கொடுக்காது. பின் சக்கரங்கள் இன்னும் சாய்வில் நிற்க, முன் சக்கரங்கள் மட்டத்துக்கு வரும்போது வெளி முன் சக்கரம் ஒரு கணம் அந்தரத்தில் தொங்கும். வளைவில் வண்டியைத் திருப்புவதே அந்தச் சக்கரம்தான். பாரம் இல்லாத சக்கரம் தண்டவாளத்தை உரசினால் ஏறாமல் என்ன செய்யும்? விளிம்பின் ஆழமே ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான், அதில் 2 போய்விட்டது. எதிர்த்திசையில் போகும்போது தொங்குவது உள் சக்கரம், அதனால் பிழைத்துக்கொள்கிறது. போகி கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் தப்பிக்கிறது.

ஆக, குற்றம் வண்டியிலும் இல்லை, தண்டவாளத்திலும் இல்லை. ஒரு பலகை காலையில் தூக்குகிறது, பக்கத்துப் பலகை தூக்கவில்லை. ஏன் என்று மரம் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

மோல்மீன் ஆசாரி:

நான் சொல்கிறேன். தம்பி, இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். அந்த இரண்டு பலகையின் வெட்டுமுனையில் ரேகை எப்படி ஓடுகிறது? பெயின்ட் எத்தனை பக்கம் அடித்தீர்கள்?

பெகுக்காரன்:

ஆசாரி அண்ணா, மேல்பக்கம் பச்சை ஆயில் பெயின்ட் மூன்று கோட். பக்கவாட்டில் ஒரு கோட். அடிப்பக்கம் அடிக்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடம்தானே என்று விட்டுவிட்டேன்.

முட்டில் திருகாணியைக் கழற்றி முனையைப் பார்த்தேன். தூக்குகிற பலகையில் ரேகைகள் வெங்காயத்தைக் குறுக்கே அறுத்தது போல வில் வில்லாக வளைந்து கிடக்கின்றன. தூக்காத பலகையில் நேர்க்கோடாக, சீப்புப் பல் மாதிரி நிற்கின்றன. இது வரைக்கும் நான் கவனித்ததே இல்லை.

மோல்மீன் ஆசாரி:

அதுதான் விஷயம். மரம் நீளவாக்கில் ஊறுவது மிகக் கொஞ்சம், அகலவாக்கில்தான் ஊறும். அதிலும் ரேகை வில்லாக வளைந்த பலகை, ரேகை நிமிர்ந்து நிற்கிற பலகையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலத்தில் விரியும். கன்யின் மற்ற மரங்களைவிட அதிகமாகவே ஊறிச் சுருங்குகிற சாதி. நீங்கள் மேல்முகத்தை மூன்று கோட் போட்டு அடைத்துவிட்டு அடிமுகத்தைத் திறந்து வைத்தீர்கள். ராத்திரி முழுக்க ஈர மண்ணிலிருந்து ஏறுகிற ஈரத்தை அடிமுகம் குடிக்கிறது, விரிகிறது. மேல்முகம் விரியவில்லை. அப்போது பலகை என்ன செய்யும்? மேல்பக்கம் கிண்ணம் போலக் குழிந்து ஓரங்கள் தூக்கும். வெயில் வந்து அடிப்பக்கம் காய்ந்ததும் மறுபடி படுத்துவிடும். தண்டவாளம் பலகையின் நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் சமமாகத் தூக்கும், வண்டிக்குத் தெரியாது. நீங்கள் அதை வெளி ஓரமாகத் தள்ளிப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், சரியா?

பெகுக்காரன்:

அண்ணா, நேரில் பார்த்தது போலச் சொல்கிறீர்கள்! உள்பக்கம் ஸ்டேஷனும் தொட்டிச் செடியும் வைக்க இடம் வேண்டும் என்று தண்டவாளத்தை வெளிப்பக்கமாகத் தள்ளித்தான் போட்டேன். இன்று காலை பலகையின் குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், நடுவில் 4 மில்லிமீட்டர் குழி. இப்போதே அடிப்பக்கம் பெயின்ட் அடித்துவிடட்டுமா?

மோல்மீன் ஆசாரி:

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். ஈரம் குடித்த மரத்தை இப்போது அடைத்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், பெயின்ட் கொப்பளிக்கும், மரம் உளுத்துப் போகும். மழை விட்டு, அக்டோபர் வாக்கில் வருகிற தடிஞ்சூட் விளக்குத் திருவிழா கழிந்து, ஒரு மாதம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயின்ட்.

அதுவரை தற்காலிகமாக ஒன்று செய்யுங்கள். முட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை அடிக்குத் தண்டவாளத் திருகாணிகளைக் கழற்றுங்கள். மட்டமான பலகையின் பக்கம், வெளி ஸ்லீப்பர் நுனிக்கு அடியில் மெல்லிய சீவல்களைக் கொடுத்து, 2 மில்லிமீட்டர், ஒன்றரை, ஒன்று, அரை என்று படிப்படியாக இறக்கிக்கொண்டு போங்கள். சாய்வு ஒரே இடத்தில் முறியாமல் நீளமாகக் கரைந்து போகும். சாயங்காலம் அந்தப் பலகை படுத்த பிறகு மட்டத்தை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இப்படி அடியில் கொடுத்து மட்டம் பிடிக்கிற பேக்கிங் வேலை அவர் தொழில்.

நிரந்தரத் தீர்வுக்கு அகலப் பலகையையே மறந்துவிடுங்கள். எங்கள் மோல்மீனில் வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை, இங்கே அகலப் பலகையை வெளியில் மல்லாக்கப் போட்டு நான் யாரும் ஜெயித்துப் பார்த்ததில்லை. கால் அங்குலக் கனம், ஒன்றரை அங்குல உயரத்தில் தேக்குச் சீவு, அதாவது மெல்லிய பட்டி, எடுங்கள். அதை விளிம்பில் நிமிர்த்தி நிறுத்தி, உங்கள் 5 அடி ஆரத்துக்குக் கையாலேயே வளைக்கலாம், முறியாது. இரண்டு பக்கமும் இரட்டைச் சீவு, நடுவில் ஆறு அங்குலத்துக்கு ஒரு கட்டை, ஏணி போல. முட்டுகளை ஒரே இடத்தில் விடாமல் மாற்றி மாற்றி விடுங்கள், அப்போது முட்டு என்ற பேச்சே இருக்காது. தண்ணீர் நடுவில் விழுந்து ஓடிவிடும், காற்று எல்லாப் பக்கமும் போகும். பூசுவது எண்ணெயோ பெயின்ட்டோ, நாலு முகத்துக்கும் ஒரே அளவு, வெட்டுமுனைக்கு மட்டும் ஒரு கோட் கூட. தண்ணீரை அதிகம் குடிப்பது வெட்டுமுனைதான்.

ஒரு கேள்வி, பியின்கடோ கால்களை மண்ணில் எப்படி இறக்கினீர்கள்?

பெகுக்காரன்:

ஒன்றரை அடி குழி, சுற்றிலும் சிமென்ட் கலவை போட்டு அடைத்தேன்.

மோல்மீன் ஆசாரி:

வைரம் பாய்ந்த பியின்கடோ என்றால் பயமில்லை, நம் ரயில்வே காலங்காலமாக ஸ்லீப்பர் கட்டை போட்டது அந்த மரத்தில்தான். ஆனால் மூன்றுக்கு மூன்று வாங்கும்போது ஒரு மூலையில் வெளிறு (வைரம் பாயாத வெளி மரம்) கலந்து வரும், நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கும். கரையான் முதலில் வருவது அந்த மூலைக்குத்தான். காலுக்கும் சிமென்ட்டுக்கும் நடுவில் சுருங்கிய இடுக்கில் தண்ணீர் நின்றால் அங்கேயே இற்றுப்போகும். சிமென்ட்டின் மேல்முகத்தைக் காலிலிருந்து வெளியே சரிவாகப் பூசிவிடுங்கள். வாரம் ஒருமுறை அடியில் கரையானின் மண்குழாய் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், போதும். சீவைப் பியின்கடோவில் மட்டும் எடுத்துவிடாதீர்கள், வளையாது. அதில் எதைத் திருகினாலும் முதலில் துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திருகாணித் தலைதான் அறுந்து போகும்.

சிரியம் தம்பி:

ஆசாரி அண்ணே, தண்டவாளத்தை ஏணிமேல் இறுக்கித் திருகலாமா?

மோல்மீன் ஆசாரி:

கூடாது தம்பி. நீங்கள் முதலில் சொன்ன கணக்கு இங்கேதான் வேலை செய்யும். ஸ்லீப்பரில் துளையை நீளவாக்கில் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, வாசர் வைத்து, தொட்டும் தொடாமலும் திருகுங்கள். மரம் தன் போக்கில், பித்தளை தன் போக்கில் நகரட்டும்.

பெகுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் திருகாணிகளைக் கழற்றிவிட்டேன். இன்று விடியற்காலையில் அப்பாவே உட்கார்ந்து பேக்கிங் போட்டார். பழைய பிளாஸ்டிக் டப்பா மூடியைக் கத்தரித்து ஒவ்வொன்றாக நகத்தால் தள்ளினார். ரசமட்டத்தை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, குமிழியைப் பார்க்காமல் கண்ணைத் தண்டவாளத்துக்கு நேராக வைத்து, "இன்னும் ஒண்ணு", "போதும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் போதும் என்ற பிறகு பார்த்தால் குமிழி சரியான இடத்தில் நின்றது. அந்தக் கண் 31 வருஷம் எங்கள் எத்தனை பயணங்களைப் பத்திரமாக அனுப்பியிருக்கும் என்று நினைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

ராத்திரி நல்ல மழை பெய்திருந்தது. ஆறே முக்காலுக்கு வண்டியை விட்டோம். கடிகாரத் திசையில் 22 சுற்று, மூன்று சரக்குப் பெட்டியோடு. ஒன்றும் விழவில்லை. நாளை தேக்குச் சீவுக்கு விலை கேட்கப் போகிறேன். ஆசாரி அண்ணா, வாங்குவதற்கு முன் வெட்டுமுனையைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

மோல்மீன் ஆசாரி:

போடுங்கள். ஈரத்துணியால் முனையைத் துடைத்துவிட்டு எடுங்கள், ரேகை தெளிவாகத் தெரியும்.